பெட்டியா, பெற்றவளா? பாம்பு முட்டைக்கான ஓர் இன்குபேட்டர் பற்றி

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாங்கிய இந்த மேசை இன்குபேட்டர் சூட்டைப் பிடித்து வைப்பதில் கெட்டி. ஈரத்தைப் பிடித்து வைப்பதில் சுத்தமாகப் பொறுப்பில்லை. பாம்பு முட்டைக்குச் சூடு எவ்வளவு முக்கியமோ ஈரமும் அவ்வளவு முக்கியம். ஆகவே, பெட்டியோடு வந்த முட்டைத் தட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, நம் கையால் ஒரு டப்பா தயார் செய்ய மனமுள்ளவர்கள் மட்டும் இதை வாங்குங்கள். பெட்டியைத் திறந்தோம், முட்டையை வைத்தோம், மூடினோம் என்று இருக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது.

இன்குபேட்டர்தான் என் பிழைப்பு. மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிரித் தட்டுகளை 37 டிகிரியில் வைத்து எடுக்கிற வேலை. முகப்பில் எரிகிற எண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். வீட்டில் பால் பைத்தான்கள் (Ball Python, பந்துபோலச் சுருண்டுகொள்கிற மலைப்பாம்பு வகை) வளர்க்கிறேன். தம்பி கார்ன் ஸ்நேக் வளர்க்கிறான், ஆனால் கருத்து மட்டும் என் பைத்தான்களைப் பற்றித்தான் சொல்வான். "இத்தனை கோடி வருஷமா அதுக்குத் தெரியாததா அக்கா உன் பெட்டிக்குத் தெரியும்?" என்பது அவனுடைய நிரந்தரக் கேள்வி. இந்த முறை இரண்டு பெண் பாம்புகள் அடுத்தடுத்து முட்டையிட்டதால், அவன் வாயை அடைக்கவாவது ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஒருத்தியின் முட்டைகள் பெட்டிக்குப் போயின. இன்னொருத்தி தானே அடைகாத்தாள்.

யாரை எதற்கு விடுவது என்பதில் எனக்குக் குழப்பம் வரவில்லை. பவுனு முதல் தடவை தாய். உடம்பு மெலிவு, முட்டையிட்டதும் முதுகெலும்பு மேடு தெரிந்தது. அடைகாக்கிற பைத்தான் பொதுவாக இரை எடுக்காது. ஏற்கெனவே வற்றிப்போன உடம்பை இன்னும் இரண்டு மாதம் பட்டினி போட எனக்கு மனம் வரவில்லை. குண்டம்மா பெயருக்கேற்றவள். முட்டையிட்ட பிறகும் கையில் தூக்கினால் கனத்தாள். அவளிடமே விட்டேன். தாயின் உடம்பைப் பார்க்காமல் "இயற்கையே சிறந்தது" என்றோ "இயந்திரமே பாதுகாப்பு" என்றோ பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சு ஓடாது.

சரி, பெட்டிக்கு வருவோம்.

இரட்டைக் கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு தட்டு, பின்பக்கம் சின்ன விசிறி. பெல்டியர் வகை என்பதால் சூடாக்குவதோடு குளிர்விக்கவும் செய்யும். வாங்க யோசிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். பால் பைத்தான் முட்டைக்கு 31 முதல் 32 டிகிரி வேண்டும். வைக்கிற அறையே அதைத் தாண்டிச் சூடேறினால், சூடாக்க மட்டும் தெரிந்த பெட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 33, 34 என்று தொடர்ந்து ஏறினால் முதுகெலும்பு வளைந்த குட்டிகள் பிறக்கலாம், முட்டையிலேயே சாகலாம். சூடு குறைந்தால் பொரிய நாள் கூடும், அவ்வளவு சீக்கிரம் உயிர் போகாது. எனவே ஏற்றம்தான் பயப்பட வேண்டிய பக்கம். இந்தப் பெட்டி அந்தப் பக்கத்தைக் காக்கிறது.

முட்டை வைப்பதற்கு முன் சில நாள் காலியாக ஓடவிட்டேன். முதலில் என் தெர்மாமீட்டரைச் சோதித்தேன்: நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சார் முனையை நடுவில் நிறுத்தினால் 0 காட்ட வேண்டும். காட்டியது. அதைப் பெட்டிக்குள் வைத்தால், முகப்பு 31.5 என்கிறபோது உள்ளே 31. அரை டிகிரி பொய். எப்போதும் ஒரே அளவு, ஒரே திசையில் பொய் சொல்கிற கருவியோடு குடும்பம் நடத்தலாம். தட்டுக்குத் தட்டு வித்தியாசம் மிகக் குறைவு, விசிறி தன் வேலையைச் செய்கிறது. விசிறியில்லாத தெர்மாகோல் பெட்டிகளில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு என்று இருக்கும். கீழ்த்தட்டில் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைப் படுக்க வைத்தேன். கதவைத் திறந்து மூடினால் அவை விடுகிற சூட்டில் பெட்டி சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும். மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும்.

மின்சாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. பிளக்கைப் பிடுங்கி, சற்று நேரம் கழித்து மாட்டிப் பார்த்தேன். நான் வைத்த அளவை நினைவில் வைத்திருந்தது, நல்லது. ஆனால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் அழுத்திவிட்டால் தொழிற்சாலை அளவுக்குப் போய்விடுகிறது. அது 37.5. கோழி முட்டைக்கான சூடு! வெளி அட்டையில் பல்லி, ஆமை, பாம்பு என்று படம் போட்டு விற்கிற பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது பழைய கோழிப் புத்திதான். கையேட்டிலும் பாதிப் பக்கங்கள் முட்டையை எப்படித் திருப்புவது என்பதைப் பற்றியே. புதிதாக வளர்க்கிறவர் அதைப் படித்துவிட்டுத் தினமும் முட்டையைத் திருப்பினால் என்ன ஆகும்? கோழிக் கருவைப் போலப் பாம்புக் கருவைத் திருப்பக் கூடாது. முட்டையிட்ட சில காலத்திலேயே கரு ஓட்டின் உட்பக்கம் ஓரிடத்தில் பற்றிக்கொள்கிறது. அதற்குப் பிறகு தலைகீழாகக் கவிழ்த்தால் கரு செத்துப்போகலாம். அதனால்தான் எடுக்கிறபோதே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்கிறோம். ஊர்வன வளர்ப்பவர்களுக்கு விற்கிற கருவியின் கையேட்டில் அந்த ஒரு வரி இல்லாதது எனக்குக் கோபம் மூட்டியது.

அலாரமும் எனக்குப் பிடிக்கவில்லை. வைத்த அளவிலிருந்து 3 டிகிரி விலகினால்தான் கத்தும். 31.5-ல் வைத்த பெட்டி 34.5 வரை வாயைத் திறக்காது என்று அர்த்தம். வீடு தீப்பிடித்து முடிந்த பிறகு மணி அடித்து என்ன பிரயோஜனம்? அந்த இடைவெளியைக் குறைக்கிற வசதியும் கிடையாது. தனியாக ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி, பெட்டிக்குப் போகும் மின்சாரத்தை அதன் வழியாக விட்டு, 32.5-ல் துண்டிக்கும்படி வைத்துவிட்டேன். இரண்டாவது காவல்காரர். இதை மட்டும் யாரும் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

இனி ஈரம். முகப்பில் ஈரப்பத எண்ணும் ஒன்று ஓடுகிறது. அதைப் பார்க்கவே வேண்டாம். அது பெட்டிக்குள் இருக்கிற காற்றின் ஈரம். நம் முட்டைகள் இருப்பது அதற்குள் இன்னொரு மூடிய டப்பாவில். முட்டைக்குத் தெரிகிற உலகம் அந்த டப்பாதான்.

பெட்டியோடு கொடுத்த முட்டைத் தட்டின் மூடியில் வரிசையாகப் பெரிய பெரிய துவாரங்கள். பக்கத்திலேயே விசிறி. தண்ணீரைப் பிடித்து வைக்கிற கனிமத் துகளான வெர்மிகுலைட்டை ஈரமாக்கி, முட்டையில்லாமல் வெறுமனே போட்டு எடை பார்த்து வைத்தேன். விசிறிக் காற்று அதை உறிஞ்சி எடுப்பது தராசிலேயே தெரிந்தது. முட்டை வைத்திருந்தால் ஒவ்வொன்றும் பள்ளம் விழுந்திருக்கும். பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டை மாதிரிக் கெட்டி கிடையாது, தோல் பதம். உள்ளே தண்ணீர் போகவும் வரவும் வழி உண்டு. காற்று வறண்டால் முட்டையிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடும். அந்தத் தட்டைத் தூரப் போட்டேன்.

நான் வைத்தது சாதாரண மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. அடியில் வெர்மிகுலைட்டும் தண்ணீரும் எடைக்கு எடை. அளவை கண்ணால் பார்க்காமல் தராசில் வைத்துப் பாருங்கள், கொள்ளளவில் கலந்தால் கணக்கு தப்பும். அதன் மேல், விளக்குகளுக்குப் போடுகிற கட்டம் கட்டமான பிளாஸ்டிக் சட்டத்தை வெட்டி வைத்து, முட்டைகளை அந்தச் சட்டத்தின் மேல் வைத்தேன். முட்டை ஈரத்தைத் தொடாது, ஈரக் காற்று மட்டும் சூழ்ந்திருக்கும். முட்டை நேரடியாக நனைந்தால் பூஞ்சை. மூடிக்கு அடியில், சாப்பாட்டை மூடி வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறையை இழுத்து ஒட்டினேன். மூடியில் வியர்த்துத் துளி துளியாக முட்டை மேல் சொட்டுவது பலர் கவனிக்காத எமன். உறை இழுவிசையோடு தட்டையாக இருந்தால் நீர் பெரிய துளியாகத் திரளாமல் பரவி நிற்கிறது. வாரம் ஒரு முறை திறந்து காற்று மாற்றினேன். கடைசி வாரங்களில் இன்னும் கொஞ்சம் அடிக்கடி, ஏனென்றால் வளர்ந்த கரு அதிகம் மூச்சு விடும். அப்போது முட்டைகளே கொஞ்சம் சூடும் விடும். டப்பாவுக்குள் இருக்கும் சூடு பெட்டிச் சூட்டைவிட ஏறி நிற்பதைக் கண்ணாரக் கண்டேன். எனவே சென்சார் முனை டப்பாவுக்குள், முட்டைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற சென்சாருக்கு முட்டையின் நிலவரம் தெரியாது.

இந்த டப்பா வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் பிளாஸ்டிக்கையும் உறையையும் வைத்துக் கட்டிக்கொண்டிருப்பது குண்டம்மா தன் உடம்பால் செய்கிற வேலையை.

தாய்ப்பாம்பு சுருண்டு படுப்பது சூடு கொடுக்கத்தான் என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். சில மலைப்பாம்புகளைப் பொறுத்தவரை அது சரிதான். 1841-லேயே பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வலென்சியென் என்பவர் முட்டைகளைச் சுற்றிக் கிடந்த மலைப்பாம்பின் சுருள்களுக்கு நடுவே தெர்மாமீட்டரை வைத்து, அங்கே வெளியைவிடச் சூடு அதிகம் என்று கண்டார். 1966-ல் ஹட்சிசன், டௌலிங், வினிகர் மூவரும் சயன்ஸ் இதழில் எழுதியது இன்னும் தெளிவு. சுற்றுப்புறம் குளிரக் குளிர, தாய் தசைகளை விட்டு விட்டு இழுத்து, நடுங்கி நடுங்கிச் சூடு உண்டாக்குகிறது. குளிர் ரத்தப் பிராணி என்று பள்ளியில் படித்த எனக்கு இது இன்றும் ஆச்சரியம். பர்மிய மலைப்பாம்பும் ஆஸ்திரேலியாவின் டயமண்ட் பைத்தானும் இப்படி நடுங்கும். தென்னாப்பிரிக்க மலைப்பாம்பு வேறு தந்திரம் வைத்திருக்கிறது. வளையை விட்டு வெளியே வந்து வெயில் காய்ந்து, உடம்பில் சூட்டை ஏற்றிக்கொண்டு போய் முட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். அந்தக் காலத்தில் அதன் நிறமே கறுத்துவிடுகிறது. பொரிந்த பிறகும் சில நாள் குட்டிகளோடு தங்கும். கிரஹாம் அலெக்சாண்டர் 2018-ல் எழுதிய ஆய்வில் இதெல்லாம் இருக்கிறது.

ஆனால் பால் பைத்தான் அப்படி நடுங்கிச் சூடு உண்டாக்குவதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் அது முட்டையிடுவது மண்ணுக்கடியிலுள்ள வளைகளில். அங்கே சூடு அதிகம் ஏறி இறங்காது. அப்படியானால் இரண்டு மாதம் பட்டினி கிடந்து சுருண்டிருப்பது எதற்கு? ஒப்ரே, பொன்னே, ஷைன் ஆகியோர் டோகோ நாட்டில் இதைத்தான் சோதித்தார்கள். சில முட்டைகளைத் தாயிடம் முழுக் காலமும் விட்டார்கள், சிலவற்றைத் தொடக்கத்தில் கொஞ்ச நாள் மட்டும், சிலவற்றைத் தாயே இல்லாமல் வைத்தார்கள். தாய் சுற்றியிருந்த முட்டைகளில் நீரிழப்பு குறைவு, அதிகம் பொரிந்தன, குட்டிகளும் பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தன. ஆக, தாய் ஒரு மூடி. உயிருள்ள, தேவைக்கேற்பத் திறந்து மூடுகிற மூடி.

அந்தத் திறந்து மூடுவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஸ்டால்ஷ்மிட், டெனார்டோ இருவரும் சில்ட்ரன்ஸ் பைத்தான் என்கிற சிறிய ஆஸ்திரேலிய மலைப்பாம்பை வைத்துச் செய்த வேலை. இறுக்கிச் சுற்றினால் ஈரம் தங்கும், ஆனால் முட்டைகளுக்கு ஆக்ஸிஜன் குறையும். தளர்த்தினால் காற்று வரும், ஈரம் போகும். தாய் பெரும்பாலும் இறுக்கமாகவே இருந்து, இடையிடையே தளர்த்திக் கொடுக்கிறது. வாரம் ஒரு முறை மூடியைத் திறந்து நான் செய்கிற வேலையை அவள் நாள் முழுக்கச் செய்கிறாள், அதுவும் முட்டைகளைத் தொட்டபடியே.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு தாயிடம் விடுவதற்கான ஏற்பாடு தானாகவே பிடிபட்டது. சூடு நம் பொறுப்பு, ஈரத்தை அவள் பார்த்துக்கொள்வாள், நாம் காற்றை வறளவிடாமல் துணை நின்றால் போதும். குண்டம்மாவின் கூண்டில், அவள் சுருண்டால் சுவரெல்லாம் உரசுகிற அளவில் ஒரு முட்டைப்பெட்டி, உள்ளே பிழிந்த ஈரப்பாசி. முட்டையிடுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு சட்டை உரிப்பாள், அப்போதே வைத்துவிட வேண்டும். அடிச்சூடு தெர்மோஸ்டாட்டில் 31.5. இயற்கை முறை என்று பெயர், ஆனால் மின்கம்பியும் சென்சாரும் இங்கேயும் வந்துவிட்டன. தம்பிக்கு இதைச் சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா அக்கா?"

"சூட்டுக்கு ரெண்டும் ஒண்ணு. மத்ததுக்கு உன் கட்சி ஜெயிச்சிருக்கு, போ."

குண்டம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஆண்டின் ஆகச் சிறந்த பொழுதுபோக்கு என்பேன். முட்டைகள் வெளியே தெரியாத அளவுக்குக் கூம்பாகச் சுற்றி, உச்சியில் தலையை வைத்துக்கொண்டாள். அறை கொஞ்சம் சூடான மதியங்களில் சுருள் தளர்ந்து, வெள்ளையாக ஒரு முட்டையின் விளிம்பு எட்டிப்பார்க்கும். மாலையில் மறுபடி இறுக்கம். சாதுவான பாம்பு, ஆனால் அந்த நாட்களில் நான் கூண்டின் பக்கம் நிழலாடினாலே மூச்சைச் சீறி விட்டாள். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டேன். டார்ச் அடித்து முட்டைக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறதா என்று பார்க்கிற சந்தோஷமெல்லாம் தாய்முறையில் கிடையாது. என்னைப் போன்ற, எதையும் எடுத்துப் பார்த்தால்தான் நிம்மதி அடைகிற ஆட்களுக்கு இது பெரிய தண்டனை. பவுனுவின் முட்டைகளை நினைத்தபோதெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்க முடிந்தது. சிவப்பு வலை மாதிரிக் குழாய்கள், நடுவே அசைகிற நிழல்.

முடிவு என்று கேட்பீர்கள். பவுனு இட்டது ஏழு. அதில் ஒன்று சிறுத்து மஞ்சளாக, பார்த்தாலே தெரிகிற மலட்டு முட்டை. வளர்ப்பவர்கள் ஸ்லக் என்று சொல்வது. மற்ற ஆறும் பெட்டியில் பொரிந்தன. குண்டம்மாவின் ஐந்தும் அவளிடமே பொரிந்தன, சில நாள் பிந்தி. அவளுடைய முட்டைப்பெட்டிக்குள் சூடு இன்குபேட்டரைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருந்தது, அதனால் அந்தத் தாமதம் எதிர்பார்த்ததே. குட்டிகளை எடை போட்டேன், இரண்டு கூட்டத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. ஆனால் இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. இரண்டு வெவ்வேறு தாய்கள், ஆளுக்கு ஒரு ஈடு. ஒரு தட்டில் வளர்ந்ததைப் பார்த்துப் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை எழுதினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நன்றாக அமைத்தால் இரண்டு வழியிலும் பொரியும், அதற்கு மேல் என் வீட்டு அனுபவம் பேசாது.

பொரிகிற கட்டத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. கடைசி இரண்டு வாரங்களில் முட்டைகள் பள்ளம் விழுந்து தொய்யும். புதியவர்கள் பதறிப்போய்த் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த நேரத்துப் பள்ளம் இயல்பு, இரண்டாவது மூன்றாவது வாரத்தில் விழுந்தால்தான் வறட்சி. பெட்டியில் முதல் குட்டி முட்டைப்பல்லால் ஓட்டைக் கீறி மூக்கை நீட்டியதும், மற்றவற்றைக் கத்தரிக்கோலால் திறந்துவிடலாமா என்று கை அரிக்கும். பலர் திறக்கிறார்கள், திறக்கிறவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். நான் திறக்கவில்லை. ஓட்டைக் கீறிய குட்டி ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் உள்ளேயே இருந்து மீதி மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொள்ளும். அவசரப்படுத்தினால் தொப்புளில் மஞ்சள் கரு தொங்கத் தொங்க வெளியே வரும். குண்டம்மாவின் கூண்டில் அந்தச் சபலத்துக்கே இடமில்லை. ஒரு காலையில் அவள் சுருளுக்கு மேலே ஒரு சின்னத் தலை இருந்தது, அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த அறிவிப்பு.

தாய்முறைக்கு ஆகிற செலவைத் தாய்தான் கட்டுகிறாள். பவுனுவிடமிருந்து முட்டைகளை எடுத்த அன்றே அவளையும் கூண்டையும் மிதமான சோப்பு நீரில் கழுவினேன். முட்டை வாசனை போனால்தான் அடைகாக்கிற எண்ணம் போகும். கொஞ்ச நாளில் இரை எடுத்தாள், முதுகு மேடு மறைந்தது. குண்டம்மா குட்டிகள் போன பிறகுதான் சாப்பிட்டாள். அவள் பழைய எடைக்கு வர இன்னும் நாளாகும், அடுத்த பருவத்தில் அவளை ஆணோடு சேர்க்கப் போவதில்லை. அடைகாக்கவிட்டால் ஒரு வருடம் ஓய்வு தரத் தயாராக இருக்க வேண்டும். வருடா வருடம் முட்டை வேண்டும் என்பவர்கள் பெட்டியை நாடுவதற்கு இதுவும் காரணம். அதில் எனக்கு முழுச் சம்மதமில்லை, ஆனால் கணக்கு புரிகிறது.

முட்டையை எடுப்பதென்று முடிவு செய்தால் தள்ளிப்போடாதீர்கள். பால் பைத்தான் முட்டைகள் இட்ட சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பிரிக்க முயலாமல் கொத்தாகவே வையுங்கள், அதற்கேற்ற உயரத்தில் டப்பா வேண்டும். இந்தப் பெட்டியின் தட்டுகளுக்கு இடையே உயரம் குறைவு. பெரிய கொத்து என்றால் நடுத்தட்டைக் கழற்ற வேண்டிவரும், அப்போது கொள்ளளவு பாதியாகிவிடும். அட்டையில் போட்டிருக்கிற முட்டை எண்ணிக்கையை அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோழி முட்டையை அடுக்கிப் பார்த்து எழுதிய எண் அது.

தம்பி மாதிரிக் கார்ன் ஸ்நேக் வளர்ப்பவர்களுக்கு இந்த விவாதமே கிடையாது. அந்தத் தாய் முட்டையிட்டதும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். அடைகாப்பது அதன் பழக்கத்திலேயே இல்லை, பெட்டிதான் ஒரே வழி. "உன் பாம்புதான் பெட்டியை நம்பியே பிழைக்குது" என்று நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் அவன் முட்டைகளை என் பெட்டியில் சேர்த்து வைக்க முடியாது. அவற்றுக்கு 27 முதல் 29 டிகிரி போதும், என் தட்டுகள் இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கும். இரண்டு இனம் வளர்க்கிற வீட்டுக்கு ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு சிறிய பெட்டிகள் மேல்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். அலாரத்துக்கு ஒன்று குறைத்தேன், காற்றோட்டத் தட்டுக்கு அரை. முட்டையைத் திருப்பச் சொல்லும் கையேட்டுக்கு இன்னொன்று குறைத்திருக்க வேண்டும், பெல்டியருக்காக விட்டுவிட்டேன். இதே விலைக்கு விசிறியின் வேகத்தைக் குறைக்கிற வசதியோடு வேறு பெட்டி கண்ணில் பட்டால் அதை வாங்குங்கள். அடுத்த பருவத்தில் பவுனு தேறியிருந்தால் அவளையே அடைகாக்க விடப்போகிறேன். பெட்டியைத் தம்பி கேட்டிருக்கிறான்.